அறிவுக்குப் படியளப்பவர் யார்?



1989ஆம் வருஷம் மார்ச் 24ஆம் தேதி, நள்ளிரவு கழிந்த சில நிமிஷங்களில், அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் கடற்கழியில் பாறைத்திட்டின் மீது ஏறிய எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல், 4 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கச்சா எண்ணெயைக் கடலில் சிந்தி, எண்ணிறந்த பறவைகளையும் நீர்நாய்களையும் மாய்த்து, மீன்பிடித் தொழிலையே நம்பியிருந்த கார்டோவா முதலிய ஊர்களின் ஜீவனத்தைக் குலைத்தது. 1994இல் ஜூரர்கள் எக்ஸான் கம்பெனிக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது பாதியாகி, 2008இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் 50 கோடியே 75 லட்சமாகச் சுருங்கிற்று.

கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு மாத்திரம் கடமைப்பட்டதா, சமுதாயத்துக்குமா என்ற தர்க்கம் பழையது. 1930களின் தொடக்கத்தில் சட்ட அறிஞர்களான பெர்லியும் டாடும் ஹார்வர்ட் சட்ட சஞ்சிகையில் அதை விவாதித்தார்கள். சட்ட வரம்புக்குள் லாபம் ஈட்டுவதே வர்த்தகத்தின் பொறுப்பு என்று 1970இல் பொருளியலறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் வாதித்தார். அவருடைய முடிவு எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அதை நியாயத்தால் எதிர்கொள்ள முடிகிறது.

எக்ஸான் வழக்கில் நிகழ்ந்தது வேறு. ஜூரர்கள் தண்டத்தொகையைச் சீராக நிர்ணயிக்க வல்லவர்தாமா என்பதைச் சோதித்த சில ஆராய்ச்சிகளுக்கு அக்கம்பெனியே ஓரளவு பொருளுதவி செய்திருந்ததால், தீர்ப்பை எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர், அவற்றை ஆதாரமாகக் கொள்ளவில்லை என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதி ஒதுக்கிவிட்டார். தண்டத்தைக் கோர்ட்டு குறைத்தது வேறு காரணங்களைக் கொண்டு. ஆகையால் பணம் தீர்ப்பை வாங்கிற்று என்று சொல்வது அபாண்டமாகும்.

அந்த ஆராய்ச்சிகளைச் செய்த அறிஞர்கள் பொய்யுரைத்தார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மையாகவே இருக்கலாம். உண்மையாயிருந்தும், அது எவருடைய செலவில் காணப்பட்டதோ அந்தக் காரணத்தாலேயே, மிகவும் வேண்டியிருந்த சபையில் செல்லாக்காசாகப் போயிற்று என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. விடையை விலைக்கு வாங்காத தனவந்தனும் கேள்வியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறான். ஜூரரின் சபலத்தைப் பரீக்ஷை செய்யப் பணம் தருகிறவன், கம்பெனியின் அஜாக்கிரதையைப் பரீக்ஷை செய்யவும் தருவான் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இன்று பட்டம் பெறும் உங்களில் ரசாயனமும் பூகர்ப்பமும் சட்டமும் கற்றவர் பலர் எண்ணெய்க் கம்பெனிகளிலேயே உத்தியோகம் ஏற்கலாம், அதில் இழுக்கொன்றுமில்லை. ஆராய்ச்சிக்கென ஒப்பந்தம் நீட்டப்படுகையில் மட்டும், முடிவுகளை வெளியிடாமல் தடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற ஷரத்தைத் தேடிப் படியுங்கள். அது இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த உரிமை பணம் தருகிறவருக்கு என்றிருந்தால் கையெழுத்திட மறுத்துவிடுங்கள். அவ்வாறு மறுக்கும் ஆராய்ச்சியாளருக்குப் பக்கபலமாக நிற்கும் விதியொன்றை இந்தச் சர்வகலாசாலை இவ்வருஷமே இயற்ற வேண்டுமென்று துணைவேந்தர் அவர்களை இச்சபையின் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.