மல்லாட்டை விற்ற பணம்

(உழவர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



விற்பதற்கென்றே பயிரிடுவதால் சிறு குடியானவன் வீடு சீர்படுமா, சீர்கெடுமா என்பது பற்றி நம்மைப் பேசச் சொன்னார்கள். பணப்பயிர்தான் குடியைக் கெடுத்தது, கம்பும் கேழ்வரகும் விளைத்துத் தின்றுகொண்டிருந்தால் போதும் என்று உபதேசிக்கிறவர்கள் உண்டு. அவர்களில் எவரும் தம் பிள்ளைகளைக் கூழோடு நிறுத்திக் கொண்டதாக நமக்குத் தெரியவில்லை. துணிக்கும் மருந்துக்கும் படிப்புக்கும் பணம் வேண்டும். ஆகவே விற்பது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. எந்த நாளில், எவன் சொன்ன விலைக்கு விற்கிறோம் என்பதே கேள்வி.

1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிக்கப்பட்ட பழைய தென்னாற்காடு ஜில்லாவை எடுத்துக் கொள்ளுங்கள். தென் அமெரிக்காவில் பிறந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, 19-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள மானாவாரி நிலங்களில் பரவிற்று. புதுச்சேரியில் கப்பலேறி, பிரெஞ்சு தேசத்து மார்செய் பட்டணத்தில் எண்ணெயும் சோப்புமாயிற்று. விளைவித்தவனுக்கு அந்தப் பட்டணத்தின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அங்கே விலை இறங்கினால் இவன் வீட்டு அடுப்பு தெரிந்துகொண்டது. 1929-க்குப் பின் உலகமெங்கும் விலை விழுந்தபோது கடலையின் விலையும் விழுந்தது. கடனும் வட்டியும் மாத்திரம் விழவில்லை.

அன்றியும், விதைக்கு முன்பணம் கொடுத்தவனே களத்தில் வந்து எடை போடுகிறவனாகவும் இருந்தான். களத்துக் கடலை களத்திலேயே போயிற்று. நாலு மாதம் பொறுத்தால் விலை ஏறுமென்று தெரிந்தும் பொறுக்க வழியில்லை. தரகு, எடைகூலி, சாக்குக் கழிவு என்று பிடித்தது போக, கோவிலுக்கென்று மகமையும் பிடித்தார்கள். வியாபாரியின் பக்திக்குக் குடியானவன் பணம்! இப்படிப்பட்ட பிடித்தங்களை அடக்கவே 1933-இல் சென்னை மாகாணத்தில் வியாபாரப் பயிர் மார்க்கெட் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் மார்க்கெட் ஏற்பட்டது. இன்று ஊருக்கு ஊர் காணும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அதன் வழிவந்தவையே.

நிற்க, வீட்டுக்குள் நடக்கும் சங்கதி ஒன்றுண்டு. குதிரில் கம்பு இருந்தவரை அதை அளந்து எடுத்தவள் பெண். மல்லாட்டை பணமானவுடன் அது ஆணின் மடிக்குப் போயிற்று. களையெடுத்தவளும், கொட்டை ஆய்ந்தவளும், தோலுரித்தவளும் அவளே. அரிசி வாங்கக் கைநீட்டி நிற்கிறவளும் அவளே! வருமானம் கூடியும் குழந்தை இளைத்திருப்பானேன் என்று கேட்கிறவர்கள் முதலில் இந்த மடியைச் சோதித்துப் பார்க்கட்டும். பணம் கூடியதாலேயே சாப்பாடு அதே அளவில் கூடிவிடுவதில்லை என்று பல நாடுகளில் ஆராய்ந்தவர்களும் கண்டிருக்கிறார்கள்.

இப்போது கூடத்துக் கிடங்கில் மூட்டையை வைத்து, அதன்பேரில் ஈட்டுக்கடன் வாங்கிக்கொண்டு, விலை வரும்வரை காத்திருக்கலாம். வரப்போகும் அறுவடைக்கு இங்குள்ளவர்கள் அப்படியே செய்யுங்கள். நாலு வீட்டு மூட்டையைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகையும் குறையும். விற்ற பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கில் வீட்டுப் பெண்ணின் பெயரும் இருக்கட்டும். அதற்குச் சம்மதமில்லாத தோழர்கள் காரணத்தை இப்போதே எழுந்து சொல்லலாம், கேட்கக் காத்திருக்கிறோம்.