பிள்ளைகள் செய்யும் பேய்முகம்

ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு, மேலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஹலோவீன் கொண்டாட்டமாகும். ஆவிகள் உலாவும் இரவு என்று அயர்லாந்து முன்னோர் அதனை எண்ணினர். டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோரமுகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தனர். அமெரிக்காவிற் குடியேறியோர்க்கு அங்கே பூசணிக்காய் கிடைத்தது. குடைவதற்கு அது எளிதாயிற்று.

ஆயினும் பூசணியைக் குடையக் கத்தி வேண்டும்; சிறுவர் கைக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஏற்றது தோடம்பழம். அதன் தோலிலே கறுப்பு மையினாற் கண்ணும் மூக்கும் பல்லும் வரைந்தால், மேசைக்கு ஒரு குட்டிப் பூசணி வந்துவிடும். விருந்து முடிந்ததும் உரித்து உண்ணலாம். கறுப்புத் தாளை இரண்டாக மடித்து, மடிப்போரம் உடலாக அமையுமாறு ஒரு சிறகை வெட்டி விரித்தால், அது வௌவால். வெள்ளைக் கைக்குட்டையின் நடுவிலே பஞ்சுருண்டை வைத்து, நூலாற் கட்டி, இரு கண் இட்டால், அது பேய்.

பெற்றோர் ஒன்றை மறத்தலாகாது. தாளும் பஞ்சும் பரப்பிய மேசையில் மெழுகுதிரி வேண்டாம். மின்கலத்தால் எரியும் சிறுவிளக்கே போதும்.

இருளைக் கண்டு நடுங்கும் குழந்தையும், தன் கையாற் செய்த பேயைக் கண்டு சிரிக்கும். அச்சத்தைப் போக்க இதனினும் எளிய வழி ஏது?