பிடித்திருந்தால் போதுமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். நம் மாணவரை இறக்கிவிட வரும் பைக்கில், பெட்ரோல் டேங்கின் மேல் மூன்று வயதுத் தம்பியோ தங்கையோ உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால், "நான்தான் பிடிச்சிருக்கேனே சார்" என்பார் அப்பா. அந்தப் பிடி போதுமா? பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடத்தில் இதையே கணக்காகக் கொடுக்கலாம்.

மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். குழந்தையின் நிறை 15 கிலோகிராம். மோதி 0.1 நொடியில் நிற்க வேண்டுமென்றால் தேவைப்படும் விசை 1500 நியூட்டன். ஏறக்குறைய 150 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை! அப்பாவின் உடலும் முன்னே பாய்வதால், ஹேண்டில்பாருக்கும் அவருக்கும் நடுவில் குழந்தை சிக்கிக்கொள்ளும். முன்னால் மாட்டும் பிரம்பு இருக்கையிலும் இதே ஆபத்துதான்.

அடுத்து, மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பாதுகாப்பான இருக்கையின் மாதிரியை வடிவமைக்கச் சொல்லுங்கள். பொம்மை வண்டி, பெரிய பொம்மை, சிறிய பொம்மை, நாடா, ஒரு செங்கல் போதும். சிறிய பொம்மையை வண்டியோடு கட்டிச் சாய்த்தால், அது வண்டிக்கடியில் மாட்டிக்கொள்ளும். பெரிய பொம்மையின் முதுகோடு கட்டினால் நழுவி விழாது. ஆனால் செங்கலில் மோதும்போது இரண்டும் சேர்ந்தே பாயும். 'அப்படியானால் பட்டை மட்டும் போதாது, தலைக்கவசமும் குறைந்த வேகமும் வேண்டும்' என்ற முடிவுக்கு மாணவர்களே வருவார்கள்.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்து, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதியும் இந்த மூன்றையே சொல்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். அது 30 கிலோ வரை தாங்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு அளவான தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்குமே தலைக்கவசம் கட்டாயம்.

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: மாணவர் செய்வது மாதிரி மட்டுமே, அதைச் சாலையில் பயன்படுத்தக் கூடாது.

இந்தக் கணக்கை நோட்டோடு மூடிவிடாமல், வீட்டில் அப்பாவிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாம் பெற்றோர் கூட்டத்தில் சொல்வதைவிடப் பிள்ளை சொன்னால் அவர் கேட்பார்.