ஹேசல் டிக்கன்ஸ்: சுரங்கத்து மகளின் பாட்டு

வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில், நம்மில் பலர் கேட்டிராத ஒரு குரலைப் பற்றிப் பேச விழைகிறேன்.

ஹேசல் டிக்கன்ஸ் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைநாட்டில், பதினொரு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடிப் பால்டிமோர் நகருக்குச் சென்று, ஆலையில் உழைத்துக்கொண்டே பாடினார். ஆடவரே கோலோச்சிய ‘புளூகிராஸ்’ இசையில் அவரும் ஆலிஸ் ஜெரார்டும் இணைந்து பாடிய முதல் இசைத்தட்டு 1965இல் வெளிவந்தது.

அவருடன் பிறந்தார் ஒருவர் நிலக்கரித் தூசி நுரையீரலை அரிக்க, வறுமையில் மாண்டார். அச்சாவிலிருந்து எழுந்ததே ‘பிளாக் லங்’ என்னும் பாடல். கையறுநிலை என நாம் இதனை வகைப்படுத்திவிடலாம். ஆனால் இப்பாடல் புலம்பலோடு நிற்பதில்லை, சாவுக்குப் பொறுப்பானவர்களையும் கூண்டிலேற்றுகிறது. சொந்தத் துயரம் பொதுவழக்காக மாறும் இந்த இடமே என்னைப் பெரிதும் ஈர்த்தது. கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைக் காட்டும் ‘ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.’ (1976) ஆவணப்படத்தில் அவர் பாடல்கள் ஒலித்தன.

அக்குரலில் இனிமை குறைவு என்பாரும் உளர். உண்மைதான், மூக்கொலி மிகுந்த, செப்பமுறாத குரல். பக்கவாத்தியம் ஏதுமின்றி அது உயர்கையில், இழவு வீட்டு வாயிலில் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

2001இல் அந்நாட்டின் தேசிய மரபுக்கலை விருது அவரைத் தேடிவந்தது. 2011இல் மறைந்தார்.