மூலப் பத்திரம் எந்த வக்கீல் வீட்டில்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உறுப்பினரான வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலத்துப் பழைய வக்கீல் ஆபீஸ்களையும் அவற்றின் கட்டடங்களையும் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். மலைமேல் இருக்கும் நமக்கு அது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இங்கே ஒரு வீட்டையோ தோட்டத்தையோ விற்கப் போனால், வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது மூலப் பத்திரத்தை. பீரோவில் தேடுவோம், இருக்காது. வீட்டுப் பெரியவர் சொல்வார்: "தாத்தா காலத்துக் காகிதமெல்லாம் சேலத்து வக்கீல் வீட்டிலேயே இருக்கும்."

அது ஏன் அங்கே போனது? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின. கூடவே எல்லைத் தகராறு, குத்தகை, பாகப்பிரிவினை எல்லாம் வந்தன. எதுவானாலும் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். அன்றைய சேலம் ஜில்லாவும் பெரியது. தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. ஓசூர்ப் பக்கத்துக் கட்சிக்காரரும் சேலத்து வக்கீலைத்தான் தேடி வந்தார்.

அந்த வக்கீல்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்லர். விஜயராகவாச்சாரியார் கல்லூரி வேலையை விட்டு, தானே படித்துத் தேறி வக்கீல் ஆனவர். 1882 சேலம் கலவர வழக்கில் அவருக்கே பத்து ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பின்னாளில் 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார்.

அந்தக் காலத்தில் வக்கீல் ஆபீஸ் என்று தனிக் கட்டடம் பெரும்பாலும் கிடையாது. வீட்டின் முன்பகுதிதான் ஆபீஸ். திண்ணையில் கட்சிக்காரர்கள் காத்திருப்பார்கள். உள்ளே குமாஸ்தாவின் சாய்வு மேசை, சுவர் முழுக்கச் சட்டப் புத்தக அலமாரி, மேலே பரணில் சிவப்பு நாடா கட்டிய கேஸ் கட்டுகள். தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் காரைச் சுவர், உயரமான கூரை. வெயில் காலத்திலும் உள்ளே குளுமையாக இருக்கும். காகிதம் இத்தனை காலம் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் ஜூனியராக இருந்த ஆபீஸும் அப்படித்தான். என் சீனியர் காலமான பிறகு வாரிசுகள் வீட்டை விற்றார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஓடுவதற்குள், பரணில் இருந்த கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. கதவையும் உத்தரத்தையும் மட்டும் விலை பேசி வைத்திருந்தார்கள். வாரிசுகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம், அது இயல்பாக இருக்க வேண்டிய இடத்திலிருந்து கோர்ட்டுக்கு வந்தால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 90-ஆவது பிரிவு. இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 92. எழுதியவரும் சாட்சிகளும் போய்ச் சேர்ந்த பிறகு, காகிதம் இருந்த இடமும் அதற்காகப் பேசுகிறது. குடும்ப வக்கீலின் பரணிலிருந்து வந்த கட்டுக்கும், பழைய பேப்பர் கடையிலிருந்து வந்த கட்டுக்கும் ஒரே மதிப்புக் கிடைக்காது.

பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம். பதிவாகாத கடிதம், ரசீது, கையால் வரைந்த எல்லைப் படம் ஆகியவற்றுக்கு நகல் எங்கும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கட்டு கட்சிக்காரருடைய சொத்து. ஃபீஸ் பாக்கி இருந்தாலும் வக்கீல் அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2000-இல், ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே தயங்காமல் போய்க் கேளுங்கள்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஆபிரகாம் லிங்கனும் ஹெர்ண்டனும் சேர்ந்து நடத்திய வக்கீல் ஆபீஸ் இருந்த செங்கல் கட்டடத்தை இன்றும் வரலாற்றுச் சின்னமாகக் காப்பாற்றி வருகிறார்கள். அதோடு நிற்காமல், கோர்ட் கோர்ட்டாகத் தேடி, லிங்கன் நடத்திய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளின் காகிதங்களைத் திரட்டிவிட்டார்கள். அவற்றில் பல சாதாரணக் கடன் வழக்குகள்தான். அன்று அந்த ஊர் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அவற்றில்தான் தெரிகிறது.

தமிழ்நாட்டிலும் 2012-இல் மரபுச் சின்ன ஆணையத்துக்கென்று சட்டம் வந்தது. ஆனால் ஒரு தெருவில் இருக்கும் வக்கீல் வீட்டை அரசு தானாக வந்து கண்டுபிடிக்காது. அந்தத் தெருக்காரர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, உங்கள் குடும்பத்தின் பழைய வக்கீல் யார், அந்த ஆபீஸ் இன்னும் இருக்கிறதா என்று இந்த மாதமே விசாரியுங்கள். இரண்டு, கிடைத்த காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பூக்கும். நிழலில் உலர்த்திப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், ஸ்கேன் எடுத்து வையுங்கள், எங்கிருந்து எந்தத் தேதியில் கிடைத்தது என்றும் எழுதி வையுங்கள். மூன்று, ஏற்காட்டிலும் சேலத்திலும் உங்களுக்குத் தெரிந்த பழைய கட்டடங்களின் போட்டோவைச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு பட்டியல் போட்டுவிடுவோம்.

எல்லாக் கட்டடத்தையும் நம்மால் காப்பாற்ற முடியாது. ஆனால் இடிக்கிறவர் ஏணி வைக்கும் முன் பரணில் ஏறிப் பார்க்க நம்மால் முடியும். நான் ஒருமுறை தாமதமாகப் போனேன். நீங்கள் போகாதீர்கள்.