ஒரு நாட்டின் ஜனத்தொகைக் கணக்கு சொல்லும் கதை

கஸாக்ஸ்தானில் வாழ்வோர் யார்? எப்படி வந்தார்கள்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

கஸாக்ஸ்தான் என்ற நாட்டின் ஜனத்தொகையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். “எங்கோ இருக்கும் நாட்டில் எந்த இனத்தார் எத்தனை பேர் இருந்தால் நமக்கென்ன?” என்று சில தோழர்கள் நினைக்கலாம். ஜனத்தொகைக் கணக்கு வானத்திலிருந்து விழுவதில்லை. நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, வேலைக்கு ஆள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டது, பசி யாரைக் கொன்றது, யார் யார் துப்பாக்கி முனையில் ரயிலேற்றப்பட்டார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. நமக்குப் பெருமை தரும் செய்தியும் அதில் உண்டு. தலைகுனிய வைக்கும் செய்தியும் உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுவோம்.

முதலில் நாட்டைப் பாருங்கள். பரப்பளவு 27 லட்சம் சதுர கிலோமீட்டர். உலகத்தில் ஒன்பதாவது பெரிய நாடு. நம் இந்தியா 33 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றால் அதன் அளவை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஜனங்களோ மிகக் குறைவு. 2023ம் ஆண்டு நவம்பரில்தான் அந்த நாட்டின் ஜனத்தொகை 2 கோடியைத் தாண்டியது. நாட்டின் நடுப்பகுதியில் மைல் கணக்கில் போனாலும் புல்வெளியும் பாலைவெளியுமே கண்ணில் படும்.

2021ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 70 பேர் கஸாக் இனத்தார். 15 பேருக்குச் சற்று அதிகமானோர் ரஷ்யர். உஸ்பெக்குகள் 3 பேர், உக்ரேனியர் 2 பேர். அதற்குப் பிறகு உய்குர்கள், ஜெர்மானியர், தாத்தார்கள், கொரியர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். தெற்கே கஸாக்குகளும் உஸ்பெக்குகளும் நெருக்கமாக வாழ்கிறார்கள். வடக்கே ரஷ்ய எல்லையோரத்தில் ரஷ்யர்கள் அதிகம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஆசியாவின் நடுவிலே கொரியர் எப்படி வந்தார்கள்? ஜெர்மானியர் எப்படி வந்தார்கள்? பதில் நீளமானது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜார் பிடுங்கிய புல்வெளி

கஸாக்குகள் பரம்பரையாக ஆடு, குதிரை, ஒட்டகம் மேய்த்து வாழ்ந்தவர்கள். கோடையில் ஓரிடம், குளிர்காலத்தில் வேறிடம் என்று மந்தையோடு நகர்ந்தார்கள். ஜார் சர்க்கார் அந்த மேய்ச்சல் நிலத்தை “உபரி நிலம்” என்று சொல்லி எடுத்துக்கொண்டது. ரஷ்யாவிலும் உக்ரேனிலும் நிலப்பிரபுக்களிடம் நிலமின்றித் தவித்த குடியானவர்களை அங்கே குடியேற்றியது. 1917க்கு முந்திய இருபது ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வந்தனர். நிலப்பிரபுவின் நிலத்தில் கை வைக்க மனமில்லாத ஜார், ஒரு ஏழையின் பசியைத் தீர்க்க இன்னொரு ஏழையின் நிலத்தைக் காட்டினான். இது எல்லா நாட்டு ஆளும் வர்க்கத்துக்கும் கைவந்த தந்திரம்.

1916ம் ஆண்டில், உலகப் போர் நடக்கையில், மத்திய ஆசிய மக்களைப் போர்முனையின் பின்னால் கூலி வேலைக்குப் பிடித்துக்கொண்டு போக ஜார் உத்தரவிட்டான். புல்வெளி பற்றி எரிந்தது. துர்காய் பகுதியில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய அமாங்கெல்டி இமானோவ் பின்னர் போல்ஷ்விக்குகளோடு சேர்ந்தார். 1919ல் எதிரிகளால் கொல்லப்பட்டார்.

பெற்றதும் இழந்ததும்

அக்டோபர் புரட்சி அந்த மக்களுக்குப் பலவற்றைக் கொடுத்தது. 1920ல் தன்னாட்சிக் குடியரசும் 1936ல் முழு சோவியத் குடியரசும் அமைந்தன. எழுத்தறியாதவர் வீட்டுப் பிள்ளைகள் தாய்மொழியில் படித்தார்கள். 1930ல் துர்க்சிப் என்னும் நெடிய ரயில்பாதை முடிந்தது. 1946ல் அந்த நாட்டுக்கென்று ஒரு விஞ்ஞானப் பேரவை தோன்றியது. கஸாக் இனத்தவரான நிலவியல் அறிஞர் கனிஷ் சத்பாயெவ் அதற்குத் தலைவரானார். இவை மெய்யான சாதனைகள். யாரும் மறுக்க முடியாது.

ஆனால் தோழர்களே, 1926ம் ஆண்டுக் கணக்கில் அந்த நாட்டில் சுமார் 36 லட்சம் கஸாக்குகள் இருந்தார்கள். 1939ம் ஆண்டுக் கணக்கில் சுமார் 23 லட்சம் பேரே இருந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் பெருக வேண்டிய ஜனத்தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஏன்?

1930 முதல் 1933 வரை அங்கே கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. மந்தையோடு நகர்ந்து வாழ்ந்தவர்களைக் கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தினார்கள். கூட்டுப் பண்ணையை மக்களின் சம்மதமின்றி அவசரம் அவசரமாகத் திணித்தார்கள். இறைச்சிக்கும் தானியத்துக்கும் தாங்க முடியாத கொள்முதல் அளவு விதித்தார்கள். கால்நடையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மந்தை போனால் மேய்ப்பனுக்கு என்ன மிச்சம்? சுமார் 15 லட்சம் பேர் மாண்டார்கள் என்றும், அவர்களில் சுமார் 13 லட்சம் பேர் கஸாக்குகள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மேலும் லட்சக்கணக்கானோர் சீனாவுக்கும் அண்டைக் குடியரசுகளுக்கும் ஓடினார்கள்.

இதை அந்த நாளிலேயே எதிர்த்துச் சொன்ன கம்யூனிஸ்டுகள் உண்டு. துரார் ரிஸ்குலோவ் என்ற கஸாக் தோழர் ரஷ்யக் குடியரசின் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். பஞ்சத்தின் நிலையை விவரித்து 1932லும் 1933லும் ஸ்டாலினுக்கு நேரே கடிதம் எழுதினார். 1938ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரிகளின் கை அவரைக் கொல்லவில்லை. சோவியத் சர்க்காரே கொன்றது.

இதைச் சொல்ல நம் நாக்கு கூசுகிறது. நம்மில் பலர் நெடுங்காலம் இதைப் பேசத் தயங்கினோம். “எதிரியின் பிரசாரம்” என்று தள்ளினோம். ஆனால் பசியால் மாண்டவன் மேய்ப்பன், உழைப்பாளி. அவனுடைய சாவை மறைத்துவிட்டு உழைப்பாளியின் பெயரால் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ரயிலில் வந்த இனங்கள்

இனி, கொரியர் எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். 1937ம் ஆண்டில் சோவியத் தூரகிழக்கில் வாழ்ந்த சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் கொரியர்களை, ஜப்பானுக்கு உளவு சொல்லக்கூடும் என்ற சந்தேகத்தின் பேரில் ரயிலேற்றி, கஸாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பினார்கள். உஷ்டோபே என்ற ஊரருகே இறக்கப்பட்டவர்கள் மண்ணைத் தோண்டிக் குழியில் குடியிருந்து குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1941ல் ஹிட்லரின் படை பாய்ந்தபோது வோல்கா நதிக்கரை ஜெர்மானியர் லட்சக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். 1944 பிப்ரவரியில் செச்சேனியரும் இங்குஷியரும் வந்தார்கள். குழந்தை, கிழவி என்று பாராமல் ஓர் இனம் முழுவதையும் குற்றவாளியாக்கினார்கள். வர்க்கத்தைப் பார்க்க வேண்டிய கண் இனத்தைப் பார்த்தது. 1956ம் ஆண்டு, இருபதாவது காங்கிரசில், குருஷ்சேவ் இத்தகைய வெளியேற்றங்கள் சிலவற்றைக் கண்டித்தார். ஜெர்மானியரையும் கொரியரையும் அவர் அப்போது குறிப்பிடவில்லை.

ஆயினும் அந்த மண்ணில் உழைப்பாளிகள் ஒருவரையொருவர் கைவிடவில்லை. தாங்களே பஞ்சத்தில் அடிபட்டு மீண்ட கஸாக்குகள் வந்தவர்களுக்கு ரொட்டி கொடுத்த கதையை அங்கே இன்றும் சொல்லுகிறார்கள். விவசாயத் தொழிலாளர் தோழர்கள் ஒரு செய்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிர் தாரியா நதிப் பாசனத்தில் கொரியர்கள் நெல் பயிரிட்டார்கள். கிம் மான் சாம் என்ற கொரிய உழவர் நெல் விளைச்சலில் பெரும் புகழ் பெற்றார். அந்த வட்டாரத்து கஸாக் உழவரான இப்ராய் ஜகாயெவ் நெல் சாகுபடியில் இருமுறை சோஷலிஸ்ட் உழைப்பு வீரர் பட்டம் பெற்றார். ஆடு மேய்த்த இனமும் அகதியாக வந்த இனமும் ஒரே வரப்பில் நின்றன.

1954ல் தரிசு நிலத் திட்டம் தொடங்கியது. ரஷ்யாவிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் இளைஞர்கள் லட்சக்கணக்கில் வடக்குப் புல்வெளிக்கு வந்து டிராக்டர் ஓட்டினார்கள். கராகண்டாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தெமிர்தாவின் உருக்காலைக்கும் ஆள் வந்தது. 1959ம் ஆண்டுக் கணக்கில் மொத்தம் 93 லட்சம் பேர். ரஷ்யர் நூற்றுக்கு 43 பேர். கஸாக்குகள் 30 பேர். தம் பெயர் கொண்ட குடியரசிலேயே அவர்கள் சிறுபான்மையாக நின்றார்கள்.

பிறகு காற்று மாறியது. கஸாக் குடும்பங்களில் குழந்தைகள் அதிகம் பிறந்தன. 1989ல் அவர்கள் 65 லட்சம். ரஷ்யர் 62 லட்சம்.

1991க்குப் பிறகு

1991 டிசம்பர் 16ல் கஸாக்ஸ்தான் சுதந்திர நாடாயிற்று. சோவியத் யூனியன் சிதறியது. ஆலைகள் மூடின, சம்பளம் நின்றது, பண மதிப்பு சரிந்தது. வேலை தேடியும் எதிர்காலத்தை அஞ்சியும் ஜனங்கள் வெளியேறினார்கள். 1989ல் சுமார் 1 கோடியே 64 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1999ல் 1 கோடியே 50 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஜெர்மானியர் 9 லட்சத்து 57 ஆயிரத்திலிருந்து 2021ல் 2 லட்சத்து 26 ஆயிரமாகக் குறைந்தார்கள். ரஷ்யர் 30 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தார்கள். மறுபுறம் சீனா, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கஸாக்குகள் தாயகம் திரும்பினார்கள். நூற்றுக்கு 30 பேர் 70 பேரானது இப்படித்தான்.

சரி, சொந்த இனம் பெரும்பான்மையாகிவிட்டது. சொந்த இனத்தார் ஆட்சி நடக்கிறது. உழைப்பாளியின் துயரம் தீர்ந்ததா?

ஜனாவோசென் என்ற எண்ணெய் நகரத்தைப் பாருங்கள். 2011 மே மாதம் முதல் அங்கே எண்ணெய்த் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 16ல், சுதந்திரத்தின் இருபதாவது ஆண்டு நாளன்று, போலீஸ் அவர்கள்மீது சுட்டது. குறைந்தது 14 பேர் மாண்டார்கள். “நம் இனத்தான்” என்று அந்தத் தோட்டா ஒதுங்கிப் போகவில்லை.

தெமிர்தா உருக்காலை 1995ல் இந்தியாவில் பிறந்த முதலாளி லட்சுமி மிட்டலின் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த கராகண்டா கொஸ்தெங்கோ சுரங்கத்தில் 2023 அக்டோபர் 28ல் வெடிப்பு நேர்ந்து 46 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பின் கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேறியது. நம் நாட்டில் பிறந்த முதலாளி என்பதால் நமக்கு அவரிடம் உறவு கிடையாது. மாண்ட சுரங்கத் தொழிலாளியே நம் உறவு.

இன்னொரு பக்கம், 2020 பிப்ரவரியில் கொர்தாய் வட்டாரத்தில் கஸாக்குகளுக்கும் துங்கான் என்ற சிறுபான்மையினருக்கும் கலவரம் மூண்டது. பதினொரு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி கிர்கிஸ்தானுக்கு ஓடினார்கள். ஒரே சந்தையில் காய்கறி விற்றவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தினால் யாருக்கு லாபம்? இரு பக்கத்து ஏழைக்கும் இல்லை.

நமக்கு என்ன பாடம்?

ஜனங்களைச் சதுரங்கக் காய்போல் நகர்த்தும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஜாருக்கும் கிடையாது, நம் செங்கொடி ஏந்திய சர்க்காருக்கும் கிடையாது. சம்மதமின்றிச் செய்யப்படும் நன்மை தீமையாய் முடியும். இரண்டாவதாக, இனம் பெரும்பான்மையாவதால் மட்டும் கூலி உயராது. அதற்கு சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும். மூன்றாவதாக, ஒற்றுமை என்பது மேடையில் முழங்கும் சொல்லால் உண்டாவதில்லை. ஒருவர் பட்ட துன்பத்தை மற்றவர் ஒப்புக்கொள்ளும்போதுதான் உண்டாகிறது. கஸாக்கின் பஞ்சத்தை ரஷ்யன் ஒப்புக்கொள்ள வேண்டும். கொரியன் வந்த ரயிலைக் கஸாக் மறக்கக் கூடாது. கம்யூனிஸ்டுகளாகிய நாம் எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது ஒரு நாட்டின் இனக் கணக்கைக் காட்டி, “இவர்கள் சொந்தக்காரர்கள், அவர்கள் வந்தேறிகள்” என்று பேசினால், நீங்கள் ஒரே கேள்வி கேளுங்கள்: அவர்களை அங்கே கொண்டுவந்தது யார், எந்த வேலைக்காக? பதில் கிடைக்கும்போது யார் நண்பன், யார் எதிரி என்பதும் தெரிந்துவிடும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!