மாகாண ஆண்டு 258



ரோமப் பேரரசின் மேற்குப் பகுதிகளில் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கல்லில் எழுதும் வழக்கம் வெகுவாகக் குறைந்தது. அந்த முடிவை எல்லா எல்லைப்புறங்களுக்கும் பொருத்திப் பேசுவது பலருக்கும் பழகிவிட்டது. அரேபிய மாகாணத்துக்கு அது பொருந்தாது. அங்கே ஆளுநர்களின் பெருமிதக் கல்வெட்டுகள் அருகிய காலத்தில்தான் ஊர்மக்கள் நிறைய எழுதினார்கள். இன்று என் பேச்சு அவர்களைப் பற்றியது.

சாக்கடலின் தென்முனையை ஒட்டிய சோவாரா ஊரின் இடுகாட்டிலிருந்து 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கிரேக்க மொழி நடுகற்கள் முந்நூறுக்கு மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலும் உள்ளூர்க் கல். செதுக்கிய எழுத்தில் செங்காவி பூசியிருப்பார்கள். இறந்தவர் பெயர், வயது, நாள், ஆண்டு. அந்த ஆண்டைக் கவனியுங்கள். பேரரசர் டிராஜன் நபதேய நாட்டைப் பேரரசோடு சேர்த்த 106ஆம் ஆண்டிலிருந்து எண்ணிய மாகாணக் கணக்கு அது. 4ஆம் நூற்றாண்டில் ஊர் பாலஸ்தீன நிர்வாகத்துக்குப் போன பிறகும் மக்கள் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. அதே ஊர் யூதர்கள் தங்கள் நடுகற்களில் அரமேய மொழியில், எருசலேம் ஆலயம் அழிந்ததிலிருந்து ஆண்டுகளை எண்ணினார்கள். ஒரே ஊர், இரண்டு காலக்கணக்கு.

இவற்றுள் சில கற்கள், மாகாண ஆண்டு 258இல் நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. அது கி.பி. 363 மே மாதம். பெத்ரா உட்படப் பல நகரங்களைக் குலைத்த அந்தப் பேரழிவில் மாண்ட எளியவர்கள் சிலரின் பெயர்கள் நமக்குத் தெரிவது இந்தக் கற்களால்தான். எந்த வரலாற்றாசிரியரும் அவர்களை எழுதிவைக்கவில்லை.

மன்னர் கல்வெட்டுகளையும் நாம் ஒதுக்கவில்லை. 1901இல் ஆய்வாளர்கள் துசோவும் மாக்லேரும் கண்டெடுத்து, இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நமாரா கல்வெட்டு, இம்ருல் கைசு மன்னரின் கல்லறைக்கு உரியது. ஐந்தே வரிகள். எழுத்து நபதேயம், மொழி அரபு, மாகாண ஆண்டு 223, அதாவது கி.பி. 328. ரோமருக்கும் அந்த மன்னருக்கும் இருந்த உறவைச் சொல்லும் இடத்தில் வாசிப்புகள் இன்றும் முரண்படுகின்றன. அந்த வரியைப் பற்றி நூற்றாண்டுக்கு மேலாக எழுதிக் குவித்திருக்கிறோம். அந்த உழைப்பில் ஒரு பங்காவது சோவாராவின் கற்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல் கிடந்த இடமும் சான்றுதான். கஸ்ர் அல்-ஹல்லாபாத் கோட்டையில் அனஸ்தாசியஸ் பேரரசரின் ஆணை பொறித்த கருங்கற்கள் பிற்காலத்தில் கட்டுமானக் கற்களாக மாறி, வரிசை குலைந்து சுவரில் ஏறின. எங்கே இருந்தன என்ற பதிவு இருப்பதால்தான் அந்தச் சுவரின் கதையையும் சொல்ல முடிகிறது. சோவாராவின் பல கற்களுக்கு அந்தப் பேறு இல்லை. திருட்டுத்தனமாகத் தோண்டி விற்றவர்கள், எந்தக் கல் எந்தக் குழியின் மேல் நின்றது என்ற செய்தியை அழித்துவிட்டார்கள். அருகருகே கிடந்தவர்கள் உறவினர்களா, கிறித்தவர்களும் யூதர்களும் எவ்வளவு நெருங்கிப் புதைக்கப்பட்டார்கள் என்ற கேள்விகளுக்கு இனி முழு விடை கிடைக்காது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகத்தை மட்டும் அச்சிடாதீர்கள். படம், அளவு, கிடைத்த இடம் மூன்றையும் சேர்த்துத் தாருங்கள். கிடைத்த இடம் தெரியாவிட்டால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். சந்தைக்கு வந்த கல்லுக்கு மதிப்புச் சான்று எழுதித் தராதீர்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.